மண் இல்லாத குடுவை

ஒவ்வொரு கல்வியாண்டிலும் மண் வேதியியலின் முதல் செய்முறை வகுப்புக்கு முந்தைய நாள் மாலையில், ஆய்வக உதவியாளரும் நானும் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மண் நிரப்பி வைப்போம். ஒன்றில் கல்லூரிப் பண்ணையின் மேட்டு நிலத்துச் செம்மண். மற்றொன்றில் கோவில்பட்டிப் பக்கமிருந்து சாக்கில் வந்து சேர்ந்த கரிசல். முதன்முதலில் இதைச் செய்த ஆண்டில், கரிசலை அப்படியே குழாயில் போட்டுத் தட்டி இறுக்கிவிட்டேன். மேலே ஊற்றிய நீரைக் குடித்து மண் உப்பிக்கொண்டதில் குழாய் அடைபட்டுப் போயிற்று. வகுப்பு முடியும்வரை அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. நாற்பது மாணவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று முதல், அமிலத்தில் கழுவிய ஆற்றுமணலை நான்கு பங்கு கலந்துதான் கரிசலை நிரப்புகிறோம். ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செம்மண்ணுக்கும் அதே அளவு மணல்.

மறுநாள் இரண்டு குழாய்களிலும் மெத்திலீன் நீலக் கரைசலை ஊற்றுகிறோம். கரிசலில் அந்த நீலம் மேற்பரப்பை ஒட்டிய விரற்கடை அளவுக்குள்ளேயே நின்றுவிட, அடியிலிருந்து நிறமில்லாத நீர் சொட்டுகிறது. செம்மண்ணில் நீல வளையம் மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் விடை ‘மண் வடிகட்டுகிறது சார்’ என்பதுதான். தவறான விடைதான், ஆனால் அதைத் திருத்த நான் அவசரப்படுவதில்லை. வேறு இரண்டு குழாய்களை எடுத்து, சிவப்பு நிற இயோசின் கரைசலை ஊற்றச் சொல்கிறேன். கரிசலின் வழியே அது ஏறத்தாழ ஊற்றிய நிறத்திலேயே கீழே வந்துவிடுகிறது. இயோசின் மூலக்கூறோ மெத்திலீன் நீலத்தைவிட இருமடங்குக்கும் மேல் கனமானது. வடிகட்டல்தான் காரணம் என்றால் பெரியது சிக்கியிருக்க வேண்டும், சிறியது தப்பியிருக்க வேண்டும்; இங்கே தலைகீழாக நடக்கிறது. மெத்திலீன் நீலம் நீரில் நேர்மின் அயனி, இயோசின் எதிர்மின் அயனி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கி நின்றால் போதும். மண்ணின் பரப்பில் எதிர்மின் சுமை இருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செம்மண் குழாய் மட்டும் இயோசினிலும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூர்மையான மாணவர் யாராவது அதைக் கவனித்துவிட்டால் அந்த ஆண்டு எனக்கு நல்ல ஆண்டு. யாரும் கவனிக்காவிட்டால் நானும் சொல்லாமல் விட்டுவைத்து, மூன்றாவது வாரத்தில் எடுத்துக்கொள்வேன்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். அட்சார்ப்ஷன், அப்சார்ப்ஷன் என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. விடைத்தாளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று இருந்தால், அது எழுத்துப்பிழையா கருத்துப்பிழையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பரப்புக் கவர்தல் என்றும் உறிஞ்சுதல் என்றும் சொல்லிவிட்டால் குழப்பத்துக்கு இடமேயில்லை. இலங்கைப் பாடநூல்களில் புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் என்று எழுதுகிறார்கள். வெளியில் ஒட்டுவதும் உள்ளே போவதும் சொல்லிலேயே தெரிகின்றன. நான் தமிழ்ச் சொற்களைப் பலகையின் ஓரத்தில் எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருப்பேன். மொழிக் கொள்கைக்காக அல்ல, விடைத்தாள் திருத்தும்போது என் நேரம் மிச்சமாகிறது என்பதற்காக.

அயனிப் பரிமாற்றத்துக்கு வரும்போது வரையறையில் தொடங்காமல், 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். எச். எஸ். தாம்சன் என்ற நிலக்கிழார், யார்க் நகரத்து மருந்து வணிகர் ஜோசப் ஸ்பென்ஸின் துணையோடு, அம்மோனியம் சல்பேட் கலந்த மண்ணின் வழியே நீரைச் செலுத்திப் பார்த்தார். எரு இட்ட நிலத்தில் மழை பெய்தால் சத்தெல்லாம் கரைந்து போய்விடுமே என்பதுதான் அவருடைய கவலை. எந்த ஊர் விவசாயிக்கும் உள்ள கவலை. கீழே வடிந்த நீரில் அம்மோனியம் சல்பேட்டைத் தேடினால் அங்கிருந்தது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது. அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியே வந்துவிட்டது. தாம்சன் இதை 1850-இல் வெளியிட்டார். அவரிடமிருந்து இதைக் கேட்டறிந்த வேதியியலர் ஜே. தாமஸ் வே, 1850-லும் 1852-லும் எழுதிய இரண்டு நீண்ட கட்டுரைகளில், இந்த ஆற்றல் மண்ணின் களிமண் பகுதிக்கு உரியது என்பதையும், உள்ளே போகும் நேர்மின் அயனிக்குச் சமமான அளவில் மற்றொன்று வெளியே வருகிறது என்பதையும் காட்டினார். ஜெர்மன் வேதியியலர் லீபிக் போன்ற பேராளுமையே இதை முதலில் ஏற்க மறுத்தார். வே ஓரிடத்தில் தவறினார்: இந்த மாற்றம் ஒருவழிப்பாதை, திரும்பாது என்று நம்பினார். அது இருவழிப்பாதைதான் என்பதை 1858-இல் ஐக்ஹார்ன் காட்டினார். வே சரியாகச் சொன்னதைச் சொல்லும்போது தூங்கி வழியும் வகுப்பு, அவர் தவறியதைச் சொல்லும்போது விழித்துக்கொள்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இந்தச் சோதனையை அப்படியே ஆய்வகத்தில் செய்துவிடலாம். செம்மண் குழாயில் முதலில் வாலை வடிநீரை விட்டு, வடிந்ததில் அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பிறகு பொட்டாசியம் குளோரைடு கரைசலை விட்டு, வடிந்ததில் அதையே சேர்த்தால் பால்போல வெண்ணிற வீழ்படிவு திரளும். பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்த ஒவ்வொருவருக்கும் அது கால்சியம் ஆக்சலேட் என்று தெரியும். நாம் கால்சியத்தை ஊற்றவே இல்லையே, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது. கரிசலில் இதைச் செய்யக் கூடாது. சுக்கான்கல் துணுக்குகள் நிறைந்த மண்ணில் கரைந்து வரும் சுண்ணாம்பே கணக்கைக் கெடுத்துவிடும். இந்தச் சுண்ணாம்பு என்னையே ஒருமுறை கெடுத்த கதை பின்னால் வருகிறது.

பரப்பு என்ற சொல்லுக்கு உருவம் கொடுப்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது. கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமத்துக்கு ஒரு கிராமுக்கு 600 முதல் 800 சதுர மீட்டர்வரை பரப்பு உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நான் ஏக்கர் கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஏறத்தாழ ஆறு கிராம் மான்ட்மோரில்லோனைட்டை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவை, அதன் ஏடு ஏடாகப் பிரித்து விரிக்க முடிந்தால் ஒரு ஏக்கர் வரும். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்ற களிமண் கனிமத்தை அதே ஆறு கிராம் விரித்தால், கிராமுக்கு 15 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சென்டுக்குச் சற்று மேல் வரும். ஒரு ஏக்கருக்கும் இரண்டு சென்டுக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கரிசல் ஏன் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் ஏன் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அதன் சி.இ.சி., அதாவது நேர்மின் அயனிகளைப் பிடித்துப் பரிமாறும் திறன், ஏன் கிலோவுக்கு 40, 50 சென்டிமோல் என்று இருக்கிறது, செம்மண்ணில் அது 10-ஐ எட்டவே ஏன் திணறுகிறது என்பவையெல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்து பிறக்கின்றன.

இந்தப் பரப்பின் மின்சுமை இரண்டு வகையில் வருகிறது. மான்ட்மோரில்லோனைட்டின் ஏட்டுக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. மூன்று நேர்மின் சுமை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருப்பதால், படிகம் உருவான நாளிலேயே ஏற்பட்ட அந்தப் பற்றாக்குறை என்ன செய்தாலும் மாறாது. செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கும் இரும்பு ஆக்சைடுகளின் கதை வேறு. அவற்றின் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள், சுற்றியுள்ள நீரின் பிஎச்சுக்கு ஏற்ப ஹைட்ரஜன் அயனியை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். கோதைட், ஹேமடைட் ஆகிய கனிமங்களில் நேர்சுமையும் எதிர்சுமையும் சரிக்குச் சரியாகும் புள்ளி பிஎச் 7-க்கும் 9-க்கும் இடையில் அமைகிறது. மண்ணின் பிஎச் அதற்குக் கீழே இருந்தால் அந்தப் பரப்பு நேர்மின் சுமை கொண்டது. செம்மண் குழாய் இயோசினைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான். செம்மண்ணில் இட்ட சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி பயிருக்குப் போகாமல் மண்ணிலேயே சிக்கிக்கொள்வதற்கும் காரணம் இதே பரப்புத்தான். ஆனால் பாஸ்பேட்டின் பிடிப்பு வெறும் மின்கவர்ச்சி மட்டுமல்ல, அது பரப்பின் இரும்பணுவோடு நேரடியாகப் பிணைப்பையே ஏற்படுத்திக்கொள்கிறது.

மின்சுமை கொண்ட பரப்பும் அதைச் சுற்றித் திரளும் எதிர்ச்சுமை அயனிகளும் சேர்ந்த மின் இரட்டை அடுக்கைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. கூயியும் சாப்மனும் ஸ்டெர்னும் வரைந்த படங்களைக் காட்டி, சமன்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். களர் நிலத்தில் சோடியம் ஏன் களிமண்ணைக் கரைத்துவிட்டதுபோல் கலங்கடிக்கிறது, ஜிப்சம் இட்டால் ஏன் தெளிகிறது என்பதை இரண்டு அளவு ஜாடிகளில் காட்டிவிடலாம். கலங்கல் நீர்ப்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்த பாட்டிமார்களைப் பார்த்தவர்கள் என் தலைமுறையோடு குறைந்துவிட்டார்கள். இப்போது படிகாரத்தைச் சொன்னால்தான் புரிகிறது.

இதுவரை சொன்னவற்றில் சிக்கலில்லை. இந்தப் பாடத்தில் நான் உண்மையிலேயே அக்கறைப்படுவது, நான்காவது வாரத்தில் வரும் சமவெப்பக் கோடுகளைப் பற்றித்தான்: வெப்பநிலையை மாற்றாமல், கரைசலில் எஞ்சிய செறிவுக்கு எதிராக மண் கவர்ந்த அளவை வரையும் கோடுகள்.

அமெரிக்க வேதியியலர் லாங்மியூர் 1918-இல் பரப்புக் கவர்தலுக்கான தம் சமன்பாட்டை எழுதியபோது அவர் முன்னே இருந்தவை கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் தட்டையான பரப்புகள். அவற்றில் ஒட்டியவை வாயுக்கள். எல்லா இடங்களும் ஒரே மாதிரியானவை, ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறுதான் உட்காரும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பொருட்டல்ல என்பவை அவருடைய எடுகோள்கள். 1957-இல் ஓல்சனும் வாட்டனாபேயும் மண்ணின் அதிகபட்சப் பாஸ்பேட் கவர்திறனைக் கணக்கிட அதே சமன்பாட்டைக் கையாண்டார்கள். அது பயனுள்ள காரியந்தான். உர அளவைக் கணிக்க ஏதோ ஓர் எண் வேண்டுமே. ஆனால் கையிலிருக்கும் மண்ணில் லாங்மியூரின் எடுகோள்களில் ஒன்றுகூட நிற்காது. அப்படியிருந்தும் சமன்பாடு பொருந்துகிறது. பொருந்திவிடுவதால், ‘ஆர்-ஸ்கொயர் 0.98, ஆகவே மண்ணில் ஒற்றையடுக்குப் பரப்புக் கவர்தல் நிகழ்ந்துள்ளது’ என்ற வாக்கியம் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு நகலாகிக்கொண்டே வருகிறது. (ஆர்-ஸ்கொயர் என்பது புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்.) வேப்பிலைத் தூளில் சாயத்தைப் பிடித்தவர்களும் இதையே எழுதுகிறார்கள், தேங்காய்த் தொட்டிக் கரியில் காட்மியத்தைப் பிடித்தவர்களும் இதையே எழுதுகிறார்கள்.

நானும் எழுதியவன்தான். என் எம்.எஸ்சி. ஆய்வேடு சுண்ணாம்புள்ள கரிசல் மண்ணில் பாஸ்பேட் கவர்தலைப் பற்றியது. இரண்டரை கிராம் மண், 25 மில்லிலிட்டர் கரைசல், நுண்ணுயிர்களை அடக்க இரண்டு துளி டொலுவீன், 24 மணி நேரம் குலுக்கல், வடிகட்டி மாலிப்டினம் நீல முறையில் அளத்தல் என்று எல்லாம் முறைப்படிதான் நடந்தன. கரைசலில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை. பின்னணி உப்பாக 0.01 மோலார் கால்சியம் குளோரைடு. கோடு நூல்பிடித்தாற்போல் நேராக வந்தது. அந்த வரைபடத்தை முகப்பிலேயே போடலாமா என்றுகூட யோசித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளித்தேர்வாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ‘மண் போடாத குடுவையில் பிஎச் எவ்வளவு இருந்தது தம்பி?’ என்று மட்டும் கேட்டார். நான் அதை அளக்கவில்லை. ‘மண் போட்ட குடுவையில்?’ என்றார். 8.2 என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்துவிட்டது.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. மண் போடாத ஒப்பீட்டுக் குடுவையில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் கரைசல் பிஎச் 5 அளவில் இருந்திருக்கும். அங்கே கால்சியமும் பாஸ்பேட்டும் சண்டையில்லாமல் ஒன்றாகக் கரைந்திருக்கும். அதனால் ஒப்பீட்டுக் குடுவையில் எந்த இழப்பும் தெரியவில்லை. மண் உள்ள குடுவையிலோ சுண்ணாம்பு பிஎச்சை 8-க்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. அந்த நிலையில், நானே சேர்த்த கால்சியம் அத்தனையும் சுற்றி இருக்கும்போது, அவ்வளவு பாஸ்பேட் கரைசலில் நிற்காது. கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும். குறைந்த செறிவுகளில் ஒருவேளை உண்மையாகவே பரப்பில் ஒட்டியிருக்கலாம். உயர் செறிவுகளில் நான் ‘மண் கவர்ந்தது’ என்று எழுதியதில் பெரும்பகுதி, மண்ணின் பரப்போடு தொடர்பே இல்லாத வீழ்படிவு.

ஆகவே இப்போது நான்காவது வாரத்தில் மண்ணே இல்லாத ஒரு குடுவையைக் கொண்டுவருகிறேன். என் ஆய்வேட்டின் உச்ச செறிவுக் கரைசல், அதே கால்சியம் குளோரைடு. பார்க்கத் தெளிந்த நீர்போல இருக்கும். மாணவர் ஒருவரை அழைத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 8.2-க்குக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வெண்புகை தோன்றி மறையும். பிறகு மறையாமல் நிற்கும். சற்று நேரத்தில் குடுவை முழுவதும் அரிசி கழுவிய நீரைப்போல் கலங்கிவிடும். பிஎச் கீழே இறங்கப் பார்க்கும், மறுபடியும் சொட்டுவிட வேண்டும். வடிகட்டி, மிஞ்சிய பாஸ்பரஸை அளந்து, ‘இந்த மண்ணின் கவர்திறன் என்ன?’ என்று கேட்கிறேன். எந்த மண் சார் என்று அவர்கள் கேட்கும் அந்த நொடிக்காகத்தான் அன்றைய வகுப்பே நடக்கிறது.

கோடு நேராக வந்ததே, அது எப்படி என்பது அடுத்த கேள்வி. இதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறேன். 200-க்கும் 400-க்கும் இடைப்பட்ட எண்கள் எழுதிய சீட்டுகளிலிருந்து ஆறு எடுக்க வேண்டும். அவைதாம் மண் கவர்ந்த அளவுகள் என்று வைத்துக்கொள்கிறோம். கரைசலில் எஞ்சிய செறிவுகள் 1, 2, 5, 10, 20, 40. சென்ற ஆண்டு ஒரு மேசைக்கு வந்த எண்கள் 310, 240, 385, 220, 350, 290. இவற்றுக்கும் செறிவுக்கும் எந்த உறவும் இல்லை. செறிவு ஏற ஏற எண் ஏறி இறங்கி ஏறி இறங்குகிறது. ஆனால் லாங்மியூர் கோட்டுக்கு வழக்கமாகச் செய்வதுபோல், செறிவைக் கவர்ந்த அளவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராகவே வரைந்தால் ஆர்-ஸ்கொயர் 0.98. சாய்விலிருந்து அதிகபட்சக் கவர்திறனைக் கணக்கிட்டால் 297 என்ற அழகான எண்ணும் கிடைக்கிறது. செறிவு இரண்டு அச்சுகளிலும் உட்கார்ந்திருப்பதால் செறிவையே செறிவுக்கு எதிராக வரைந்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகிவிடுகிறது. நேராக வராமல் என்ன செய்யும்? அன்று அந்த மேசையிலிருந்த மாணவி ஒருவர், தம் சீனியரின் ஆய்வேட்டை நூலகத்தில் எடுத்து இதே கண்ணோடு படித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஆய்வேட்டுக்கு வழிகாட்டி நான்தான்.

வீட்சும் ஸ்பொசிட்டோவும் 1977-லேயே லாங்மியூர் பொருத்தத்தை வைத்துப் பரப்புக் கவர்தலையும் வீழ்படிவையும் பிரித்தறிய முடியாது என்று கணக்கோடு எழுதிவிட்டார்கள். நாங்கள் படித்த பாடத்திட்டத்தில் சமன்பாடு இருந்தது, இந்த எச்சரிக்கை இல்லை. இன்றைய பாடத்திட்டத்திலும் பரப்பு வேதியியல் மூன்று தாள்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது: இயற்பிய வேதியியலில் கரியும் வாயுவும், மண் வளத்தில் சி.இ.சி. என்னும் ஓர் எண், சுற்றுச்சூழல் தாளில் மாசுநீக்கம். மூன்றும் ஒரே பரப்பைத்தான் பேசுகின்றன என்று சொல்ல எந்தத் தாளிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படவில்லை.

அப்படியானால் பரப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எப்படித்தான் அறிவது? கரைசலில் எவ்வளவு குறைந்தது என்பதை அளப்பது, கடைக்குள் போனவர்களையும் வந்தவர்களையும் வாசலில் நின்று எண்ணுவதைப் போன்றது. உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார் என்பது தெரியாது. பார்க்க வேண்டுமானால் ஒளி வேண்டும். 1987-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹேய்ஸ் முதலானோர் சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியின் எக்ஸ் கதிரைக் கொண்டு, ஈரத்திலிருந்த கோதைட்டின் மீது செலினியம் எப்படி அமர்ந்திருக்கிறது என்று நேரடியாகப் பார்த்தார்கள். செலினியத்தின் இரண்டு அயனி வடிவங்களில் செலினைட் அயனி இரும்பணுவோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. செலினேட் அயனியோ இடையே நீர் மூலக்கூறுகளை விட்டு விலகி நின்றது. வகுப்பில் இதைக் கைகோத்து நிற்பது, கும்பிட்டு நிற்பது என்று சொல்கிறேன். கும்பிட்டு நிற்பதை உப்புச் செறிவைக் கூட்டினாலே விரட்டிவிடலாம். கைகோத்ததை எளிதில் பிரிக்க முடியாது. பின்னால் வந்த ஆய்வுகளில், பிஎச்சும் உப்புச் செறிவும் இடம் கொடுத்தால் செலினேட்டும் கைகோக்கும் என்று தெரியவந்தது. இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒளியால் பார்த்ததும் பார்த்த நிலைமைக்கு மட்டுமே சாட்சி. நம் நாட்டில் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் இவ்வகை அளவீடு செய்ய வசதி இருக்கிறது என்பது பல மாணவர்களுக்கு என் வகுப்பில்தான் தெரியவருகிறது.

ராணிப்பேட்டைக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றோம். மூடப்பட்டுவிட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் கழிவு பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்த ஊர் அது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் மஞ்சளாக இருந்ததைப் பற்றிச் செய்தித்தாள்களில் எத்தனையோ முறை வந்துவிட்டது. மஞ்சள் என்றாலே நஞ்சான ஆறிணைதிறக் குரோமியம், அதாவது குரோமேட். களிமண் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளாதா என்று ஒரு மாணவர் கேட்டார். மூவிணைதிறக் குரோமியமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஹைட்ராக்சைடாக வீழ்படியும், எப்படியும் நகராது. குரோமேட்டோ எதிர்மின் அயனி. களிமண்ணின் எதிர்மின் பரப்பு அதைத் தள்ளிவிடும். இரும்பு ஆக்சைடு பிடிக்கலாம். ஆனால் கழிவே காரத்தன்மை கொண்டதாக இருக்கும்போது இரும்பு ஆக்சைடின் நேர்மின் சுமையும் குறைந்து போகிறது. முதல் வாரத்துக் குழாயில் இயோசின் கரிசலைக் கடந்து சென்ற அதே வழியில்தான் குரோமேட்டும் நிலத்தடி நீரை நோக்கிச் செல்கிறது. அந்த மாணவர் சிறிது நேரம் கழித்து, ‘அப்போது அந்தச் சிவப்பு நீர்தான் இந்த மஞ்சள் நீர்’ என்றார். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

தோல் பதனிடும் இடங்களில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியந்தானே, அதற்குப் பயப்பட வேண்டியதில்லையே என்றும் கேட்பார்கள். அதற்கு மாங்கனீசு ஆக்சைடைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்ணில் மிகச் சிறிய அளவே இருக்கும் அதன் பரப்பில் மூவிணைதிறக் குரோமியம் ஒட்டி, எலக்ட்ரான்களை இழந்து, ஆறிணைதிறமாகி வெளியேற முடியும். 1979-இல் பார்ட்லெட்டும் ஜேம்ஸும் இதைக் காட்டும்வரை பலருக்கு இது தென்படாமல் போனதற்குக் காரணம் விசித்திரமானது: எல்லாரும் உலர்த்திச் சலித்துப் புட்டியில் அடைத்து வைத்திருந்த மண்ணைத்தான் சோதித்தார்கள். வயலிலிருந்து ஈரத்தோடு அப்படியே எடுத்துவந்த மண்ணில்தான் வினை நன்றாக நடந்தது. நாங்கள் இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறிணைதிறக் குரோமியம் இருந்தால் ஊதாவாகும் டைஃபினைல்கார்பசைடு விட்டுப் பார்க்கிறோம். எங்கள் பண்ணையின் ஈரமண்ணில் ஊதா நிறம் தெளிவாக வருகிறது. அதே மண்ணை ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்த புட்டியில் வெளிறித்தான் தெரிகிறது. அலமாரி நிறையப் புட்டிகள் வைத்திருக்கும் துறை எங்களுடையது. அந்த வகுப்பு முடிந்ததும் அவற்றைப் பார்க்க எனக்கே சற்றுச் சங்கடமாக இருக்கும்.

பருவத்தேர்வில் ஒவ்வொரு ஆண்டும் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறேன். சுண்ணாம்புள்ள மண் ஒன்றின் பாஸ்பேட் சமவெப்பத் தரவு, நேர்கோடு, ஆர்-ஸ்கொயர் 0.98, மண்ணில் நிகழ்ந்தது என்ன? பெரும்பான்மையோர் இன்னமும் ஒற்றையடுக்கு என்றுதான் எழுதுகிறார்கள். டியூஷன் நோட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். இந்த ஆண்டு ஒரு மாணவி, ‘கரைசலின் பிஎச்சும் கால்சியம் அளவும் தரப்படாததால் கூற இயலாது’ என்று எழுதி, அவை தரப்பட்டால் எப்படிக் கணக்கிடுவது என்பதையும் நான்கு வரியில் காட்டியிருந்தார். ஐந்துக்கு ஐந்து. இன்னொரு மாணவர் ‘தெரியாது’ என்ற ஒரே சொல்லை எழுதி, அதன்கீழ் கோடும் போட்டிருந்தார். தரவு போதாது என்று உணர்ந்து எழுதினாரா, படிக்காமல் வந்து எழுதினாரா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, இரண்டரை போட்டேன்.